டார்ச் துரை சாகவிடாத வெள்ளைக்காரர்

ஒரே ஆளைப் பதினாறு தடவை சாவிலிருந்து காப்பாற்றியவர் காஞ்சிபுரத்திலேயே எங்கள் டார்ச் துரை ஒருவர்தான். டாக்டர் இல்லை. செவிலிமேடு போகிற வழியில் இருந்த டென்ட் கொட்டகையில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம் இங்கிலீஷ் படம். அதில் அடிக்கடி ஒரு லண்டன் நடிகர் வருவார். மெல்லிய மீசை, தூக்கிய புருவம். துரைக்கு அவர் என்றால் உயிர். அதே மாதிரி மீசை வைத்துக்கொண்டார். எங்களுக்கு இங்கிலீஷ் புரியாதென்று நடுவில் நின்று கதை சொல்வார். படக்கதையோடு நடிகரின் சொந்தக் கதையும் சேர்ந்துகொள்ளும்.

"அவங்கப்பா ஜவுளி வியாபாரிமா. இவரு நாடகக் கம்பெனில திரை இழுத்துக்கினு இருந்தாரு. ராஜா வேஷக்காரன் காய்ச்சல்ல படுத்துட்டான், இவரு மேடை ஏறினாரு. அப்புறம் இறங்கவே இல்ல. கழுத்துல கட்டிக்கினு இருக்காரே, அது நம்ம ஊர்ப் பட்டு!"

"கரை எங்கய்யா?" என்று கத்துவார் என் வீட்டுக்காரர். தறிக்காரரிடமா கதை?

"உள்ள மடிச்சிருக்குது. உக்காரு நாயினா!"

அந்த நடிகர் எந்தப் படத்திலும் கடைசிவரை பிழைத்ததில்லை. வில்லன் துப்பாக்கியை எடுத்ததும் துரை ஓடிப்போய், படம் ஓட்டுகிற அறையிலிருந்து வெளிச்சம் வரும் ஓட்டையைத் தோள்துண்டால் மூடிவிடுவார்.

"குண்டு படல. ஆஸ்பத்திரில காப்பி குடிச்சிக்கினு இருக்காரு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

சில வாரத்தில் அதே ஆள் வேறு சட்டையில் திரையில் வந்து நிற்பார். "சொன்னேனில்ல?" என்று எங்கள் முகத்திலேயே டார்ச் அடிப்பார் துரை.

ஒரு மார்கழிக் காலையில் பேப்பரும் கையுமாக என்னிடம் வந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பொம்பளை எங்கள் தெருவில் நான் ஒருத்திதான்.

"இவரு படம் போட்டிருக்குது. என்னான்னு படிமா."

வாய்க்குள்ளேயே கூட்டி முடித்தேன். நடிகர் செத்துப்போயிருந்தார். துரை தோள்துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னாமா, இவ்ளோ நேரம்?"

"நல்ல சேதிண்ணே. அவருக்குப் பேத்தி பொறந்திருக்குதாம்."

"பேரு?"

அதை நான் யோசிக்கவில்லை. "காமாட்சி" என்றேன்.

துரை என்னையே பார்த்தார். "நல்ல பேரு" என்று பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். தெரு முழுக்கக் கற்கண்டும் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகை வாசலில் மொட்டைத் தலையோடு நின்றார். மீசையும் இல்லை.

"என்னாண்ணே இது?"

"வெயிலு தாங்கலமா" என்றார், பனியில் பல் தந்தியடிக்க.

அன்றிலிருந்து எனக்கு மட்டும் அவர் டார்ச்சை முகத்தில் அடித்ததே இல்லை. கால் தடுக்காமல் நான் போய் உட்காரும்வரை, தரையில்தான் பிடித்துக்கொண்டு வருவார்.