எல்லைப் புனிதமும் என் பொத்தானும்

உலகத்துச் சட்டசபைகள் இதுவரை இயற்றிய சட்டங்களில் தலைசிறந்தது எங்கள் மாநிலத்தின் ‘எல்லைப் புனிதப் பாதுகாப்புச் சட்டம்’. அது என் ஒரே ஓட்டில் நிறைவேறியது. அந்த ஓட்டு விழுந்த மகத்தான தருணத்தில் நான் சபைச் சிற்றுண்டிச்சாலையில் புகையில் வெந்த மாட்டிறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என் பெயர் வெண்டெல் டாக்கெட். நதிக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ, இந்தப் பக்கம் என் தொகுதி. முழுக்கப் பீச் பழத் தோட்டங்கள். பழம் பறிப்பவர்கள் அத்தனை பேரும் அக்கரைக்காரர்கள். அவர்களை விரட்டச் சொல்லி எனக்கு ஓட்டுப் போடுபவர்கள் அத்தனை பேரும் தோட்ட முதலாளிகள். இதில் முரண்பாடு பார்ப்பவருக்கு அரசியல் தெரியாது என்று அர்த்தம்.

சட்டத்தின் உயிர்நாடி ஒன்பதாம் பிரிவு. அடுத்தவர் பெயரில் வேலை பார்ப்பவருக்கு இரண்டாண்டுச் சிறை, பிறகு நதிக்கு அக்கரை.

எங்கள் வீட்டு எல்விரா வேலை பார்ப்பது அவள் சித்தி மகளின் அடையாள அட்டையில். பக்கவாதத்தில் படுத்த என் மனைவி லொரெய்னுக்கு ஆறு வருடமாக ஊட்டுவதும் தலைவாருவதும் அவள்தான். வேறு கை நீட்டினால் லொரெய்ன் வாய் திறக்கமாட்டாள். அட்டை விஷயம் எனக்குத் தெரியும். தெரியாது என்பது என் ‘அதிகாரப்பூர்வ நிலைப்பாடு’.

ஓட்டெடுப்பு அன்று காலை எல்விரா ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தோடு வழிமறித்தாள்.

“ஐயா, இன்னிக்கு நீங்க எந்தப் பக்கம்?”

“தீவிரமா பரிசீலிச்சிட்டிருக்கேன்.”

“சீக்கிரம் பரிசீலிங்க. அம்மாவுக்குப் பழக்கிவிட வேற ஆள் பாக்கணும்ல?”

ஆதரித்தால் எல்விரா போவாள். எதிர்த்தால் பதவி போகும். நெடுநேரம் யோசித்து, சாதாரணக் கோழைகளுக்குத் தோன்றாத ஒரு முடிவை எடுத்தேன். ஓட்டெடுப்பு மணி அடித்ததும் சாப்பிடப் போய்விட்டேன்.

ஆனால் எங்கள் சபையில் ஒரு நல்ல மரபு உண்டு. ஒவ்வொரு மேசையிலும் ஓட்டுப் பொத்தான் இருக்கும். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் கையை நீட்டி அழுத்தி ‘உதவுவார்’. பதினான்கு வருடமாகப் பக்கத்து மேசை ஹாலிஸின் பொத்தானை நானும் அழுத்தியிருக்கிறேன். பசியில் அதை மறந்து தொலைத்தேன்.

ஆதரவு எழுபத்தைந்து, எதிர்ப்பு எழுபத்துநான்கு. எதிர்க்கட்சி கூச்சல் போட்டு, பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்க்கக் கேட்டது. ஆள் இல்லாத ஓட்டு செல்லாது. ஒன்று குறைந்தாலும் மசோதா காலி. ஹாலிஸ் சிற்றுண்டிச்சாலைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“யோவ் டாக்கெட், எந்திரிய்யா! உன் ஓட்டு விழுந்தாச்சு, நீதான் பாக்கி!”

“யாரைக் கேட்டுய்யா போட்டே?”

“உன்னைக் கேட்டா என்னிக்காவது ஒரு பதில் சொல்லியிருக்கியா? வாயைத் துடைச்சுக்கிட்டு வா.”

நான் சபைக்குள் நுழைந்தபோது சபாநாயகர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “டாக்கெட் இருக்காரா?”

‘அழுத்தியது நான் இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். மேலே பார்வையாளர் மாடத்தில் என் தோட்ட முதலாளிகள் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“இருக்கேன் ஐயா.”

அழுத்தியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது சபை நாகரிகமல்ல. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கையசைத்தேன்.

வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எல்விரா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“சத்தியமா நான் போடலை எல்விரா. ஹாலிஸ்தான் என் பேர்ல போட்டுட்டான்.”

“உங்க பேர்ல அவர் வேலை பார்த்தாரா? அவரை எத்தனை வருஷம் ஐயா உள்ளே வைப்பாங்க?”

“அவனைக் கமிட்டித் தலைவராக்கியிருக்காங்க.”

எல்விரா சிரித்தாள். லொரெய்னுக்கு ஒருமுறை தலை வாரிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது நான்தான் ஊட்டுகிறேன். மூன்று நாள் லொரெய்ன் வாயைத் திறக்கவே இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் கண்ணை மூடியபடி “எல்விரா?” என்றாள். வழக்கம்போல நான் மறுக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் எல்விராவின் பெயரில் வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் பிரிவின்படி என்னைப் பிடிக்க யாரும் வரவில்லை. வரவும் மாட்டார்கள். என்னிடம் சரியான அட்டை இருக்கிறது.