தாழ்ப்பாள் மேடத்துக்கு ஓர் அறை

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் உள்ள லாட்ஜ் தாழ்ப்பாள்கள் அத்தனையின் குணமும் தெரிந்த ஒரே ஜீவன் எங்கள் தாழ்ப்பாள் மேடம்தான். எது ரோஷக்காரத் தாழ்ப்பாள், எது வெளியே யாராவது இருமினாலே சரணாகதி அடையும், எதில் மேல் ஆணி ஓய்வு பெற்றுக் கீழ் ஆணி மட்டும் கடமையாற்றுகிறது என்றெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்.

மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் சூப்பரின்டென்டன்ட். நான் அவரிடம் இருபது வருடம் திட்டு வாங்கிய கிளார்க். ஒருமுறை ஆய்வுக்காகச் சேத்தியாத்தோப்பு போய் லாட்ஜில் தங்கினார். காலையில் கதவைத் திறந்தால் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. வேறு யாராவது என்றால் மேனேஜரைப் பிடித்துக் கத்தியிருப்பார்கள். இவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து, ஃபைல் பறக்காமலிருக்க மேசைமேல் வைத்துக்கொண்டார். பட்டப்பெயர் அன்றைக்கே பிறந்தது. வைத்தது யாரென்று வெளியே தெரியாததால்தான் எனக்கு இன்க்ரிமென்ட் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் அவர் லாட்ஜ் தேடுகிற முறையே மாறிப்போனது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். முதலில் போன்.

"மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்குதா? எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்னா... சுவத்துப் பக்கம் மேடம்."

"ஏறும்போது வலதா, எடதா? எனக்கு எடது முட்டி வலி, வலது கையாலதான் புடிச்சு ஏற முடியும். அப்புறம், சாவி குடுக்கும்போது ரூம் நம்பரை ஊரு கேக்கக் கத்துவீங்களா, காதோட சொல்லுவீங்களா?"

இந்த இடத்தில் பாதி மேனேஜர்கள் லைன் சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். போனில் தேறிய லாட்ஜ்களை அவர் நேரில் போய்ப் பார்ப்பார். உள்ளே போகமாட்டார். எதிர்க் கடையில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு லாட்ஜ் பால்கனியையே பார்த்துக்கொண்டிருப்பார். "கொடியில பாவாடை, கொழந்த சட்டை காயுதான்னு பாரு சேகரு. காஞ்சா குடும்பம் வந்து தங்குற எடம். வெறும் லுங்கியா தொங்குச்சா, டீக்கு சில்லறையக் குடுத்துட்டு நடையக் கட்டு" என்பார் என்னிடம்.

ஓய்வு பெற்ற மறுமாதம், சிதம்பரத்தில் இரண்டு நாள் தனியாகப் போய்த் தங்கப் போவதாக வீட்டில் அறிவித்தார். மகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஒரு மணி நேர பஸ்ஸும்மா. காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துடலாமே, எதுக்குத் தங்கணும்?"

"போய்ட்டு வர்றத நான் முப்பது வருசமா ஆபீசுக்கே செஞ்சிட்டேன்டா. மத்தியானம் தூங்கி எழுந்தா, காப்பி ஆச்சான்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. நானா எறங்கிப் போயி ஒரு காப்பி குடிக்கணும். அதுக்குத்தான்."

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. நல்ல அறை கிடைத்தால் மகன் வாய் திறக்கக் கூடாது. கிடைக்காவிட்டால், தனியாகப் போகிற பேச்சையே அம்மா எடுக்கக் கூடாது. ராமேஸ்வரம், காசி, டார்ஜிலிங் என்று அவர் எழுதி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டின் தலைவிதி அந்த ஓர் அறையில் இருந்தது. தேர்தல் பார்வையாளர் மாதிரி மகன் என்னைக் கூட அனுப்பினான். சாயங்காலம் இரண்டு பேருமாகக் கடலூர் பஸ்ஸில் திரும்புவோம் என்பதில் அவனுக்கும் எனக்கும் சந்தேகமே இல்லை.

முதல் லாட்ஜில் கொடி முழுக்க லுங்கி. இரண்டாவதில் கைப்பிடி இடது பக்கம். அதோடு மேனேஜர், "தனியா வர்ற லேடீசுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா, ஓனர் ஆர்டர். கூட ஜென்ட்ஸ் இருந்தா குடுப்போம். தோ, சார் இருக்காரே" என்று என்னைக் காட்டினார்.

"இவரா? இவர நம்பி நான் பேனாவே எரவல் குடுத்ததில்ல" என்று மேடம் படியிறங்கிவிட்டார்.

தெற்கு வீதிப் பக்கம் மூன்றாவது லாட்ஜ். கொடியில் இரண்டு பாவாடை, ஒரு குழந்தை சட்டை. கைப்பிடி வலது. முதல் மாடியில் படிக்கட்டை ஒட்டிய அறை. மேடத்தின் முகத்தில் இன்க்ரிமென்ட் வாங்கிய களை. ஆனால் இந்த மேனேஜருக்கும் அதே வியாதி. "லேடீஸ் தனியாவா? எங்க ஓனரும் ஒத்துக்க மாட்டாரும்மா. ரூமைப் பாருங்க, புடிச்சிருந்தா சார் பேர்ல எழுதிக்கலாம்" என்றார்.

மேடம் மேலே போய் அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். "சேகரு, வெளிய இருந்து தள்ளு."

தள்ளினேன்.

"சாப்புட்டியா இல்லியா? திருடன் இப்புடித்தான் தடவிக் குடுப்பானா? தோள வெச்சு இடிய்யா!"

ஐம்பது வயதில், சர்க்கரையும் தொப்பையுமாக, நான் நாலடி பின்னால் போய் ஓடி வந்து இடித்தேன். கதவு அசையவில்லை. தோள்பட்டை அசைந்தது. இரண்டாவது முறை இடித்தபோது, பக்கத்து அறையிலிருந்து ஈரத்துணி வாளியோடு ஓர் அம்மாள் வந்தார். நெல்லிக்குப்பத்துக்காரர் என்று பின்னால் தெரிந்தது.

"ஐயையோ! பட்டப்பகல்ல பொம்பள இருக்கற ரூமை ஒடைக்கிறான்யா! ஓடியாங்க!"

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வாளித் தண்ணீர் என் தலையில். அந்த அம்மாளின் வீட்டுக்காரர் என் வலது கையைப் பிடித்தார். மேனேஜர் மூச்சிரைக்க ஏறி வந்து காலரைப் பிடித்தார்.

"மேடம், சொல்லுங்க மேடம்!" என்று கதறினேன். உள்ளே சத்தமே இல்லை.

"இந்த ஆளு மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன்" என்றார் மேனேஜர். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் என்னை நம்பி அறை தருவதாகச் சொன்னவர். "உன் பேர்ல இந்த லாட்ஜுல ரூம் கெடையாது. எறங்குய்யா வெளிய!"

அப்போதுதான் தாழ்ப்பாள் விலகியது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே வந்தார்.

"ஒரு நிமிசத்துக்குள்ள மூணு பேரு வந்துட்டீங்க. நல்ல எடம்" என்றார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "அவுரு பேர்லதான் ரூம் கெடையாதுன்னுட்டீங்களே. அப்ப என் பேர்ல எழுதுங்க" என்றார்.

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். என் காலரை விடுவதா, ஓனர் ஆர்டரை விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

வாளி அம்மாள்தான் தீர்ப்புச் சொன்னார். "எழுதுய்யா. நாங்க பக்கத்து ரூம்லதான இருக்கோம்? இந்த ஆளோட இருக்கறதுக்கு அந்தம்மா தனியா இருக்கறதே மேலு."

மேடம் ரிஜிஸ்டரில் தன் பெயரை எழுதினார். 'உடன் தங்குபவர்' என்ற இடத்தில் 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். இருபது வருடத்தில் நான் கொடுத்த எந்த டிராஃப்டையும் அவர் அவ்வளவு திருப்தியாகப் பார்த்ததில்லை.

ஈரச் சட்டையோடு கடலூர் பஸ்ஸில் நான் ஒருத்தன் மட்டும் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த மகன், "ரூம் எப்பிடி சார் இருக்கு?" என்று கேட்டான். வலது கையைத் தூக்க முடியாததால் இடது கையால் தோளைத் தடவிக்கொண்டே, "தாழ்ப்பாளுக்கு நான் கேரண்டி" என்றேன்.

நாற்பது பக்க நோட்டில் இப்போது பாதிக்கு மேல் டிக் விழுந்துவிட்டது. மேடம் எந்த ஊருக்குப் போனாலும் என் போனுக்கு ஒரு படம் வந்துவிடும். கோயில் படமோ கடல் படமோ அல்ல, அறைத் தாழ்ப்பாளின் படம். கீழே அலுவலகத் தமிழில் ஒரு வரி: 'பட்டப்பெயர் வைத்தவரின் பார்வைக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது.' எப்போது கண்டுபிடித்தாரென்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

போன வாரம் காசியிலிருந்து வந்தது. பித்தளைத் தாழ்ப்பாள், இரண்டு ஆணியும் சரியாக இருக்கிறது. அவர் ஊரில் இல்லாத நாட்களில், அந்தப் படம் வந்து சேரும்வரை எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட எனக்கு மனசு வருவதில்லை.