கோதண்டராமனின் கூரையில்லாக் கார் கிரிவலம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததே, பின்னாளில் கோதண்டராமன் கூரையில்லாத கார் ஒன்றை வாங்க வேண்டும் என்பதற்காகத்தான். இதை அண்ணாமலை அடிவாரத்து வேங்கிக்காலில் ஓர் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த கோதண்டராமனே, தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் தம் மனைவி சந்திரகலாவிடம் விளக்கினார்.

வாங்கியது ஆசையால் அல்ல, பக்தியால். மகள் அபிநயாவுக்கு வேலை கிடைத்தால் நடந்தே மலையைச் சுற்றுவதாகச் சந்திரகலா வேண்டிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்தது. கூடவே அவளுக்கு முட்டி வலியும் கிடைத்தது. ஆட்டோவில் சுற்றி வந்தால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அவள் நினைத்தாள். கோதண்டராமன் பதறிப்போனார். ஆட்டோவில் போனால் கூரைதானே தரிசனம்? மலைக்கும் பக்தைக்கும் நடுவே ரெக்சின் இருக்கலாமா?

ஆகவே, செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் 'ஆய்வு' செய்யப்பட்டது. இரண்டே இருக்கை, மடக்குக் கூரை. சாமியார் உலகத்தைத் துறந்துகொண்டிருந்தார். காரிலிருந்து தொடங்கியிருந்தார்.

"கூரை மூடுமாங்க?"

"வானத்தை எதுக்கு மூடணும்?" என்றார் சாமியார், நல்ல தமிழில்.

"ஓட்டம் எப்படி?"

"ஓடறது மனசு. இந்த வண்டி நிக்கக் கத்துக்கிச்சு."

இத்தனை தத்துவம் கற்ற வண்டியை விடலாமா? அன்றே வாங்கினார். மெக்கானிக் வேடியப்பன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூடினான். கோதண்டராமன் அதை 'ஆட்சேபணை இல்லை' என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களில் முதலாவதான இந்திர லிங்கத்தில் இருவரும் இறங்கிக் கும்பிட்டார்கள். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், வண்டி தியானத்தில் இருந்தது. தொடங்கிய கிரிவலத்தைப் பாதியில் விடக்கூடாது என்று கோதண்டராமன் அறிவித்தார். ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. எனவே தள்ளும் பொறுப்பு தானாகவே காலியாக இருந்தது.

"கொஞ்சம் இறங்கித் தள்ளேன், சந்திரகலா. பாரமும் கம்மியாவும்."

"முட்டி வலிங்க."

"கையாலதானே தள்ளப் போற?"

தள்ளினாள். கிளம்பியது. அவள் ஏற வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும். இந்தச் சிக்கலை நன்கு பரிசீலித்த கோதண்டராமன், நிறுத்தாமல் போனார்.

அக்னி லிங்கத்தில் ரேடியேட்டர் கொதித்துப் புகை கக்கியது. சந்திரகலா நொண்டியபடி வந்து சேர்வதற்குள், யாரோ பானெட்டின் மேல் விபூதி பூசிவிட்டிருந்தார்கள். மறுபடி அவள் தள்ளினாள், மறுபடி அவர் நிறுத்தாமல் போனார். எம லிங்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஓர் இளநீர்க் குவியல் பிடித்தது. வருண லிங்கத்தில் மழை வந்தது. கூரை பாதி எழுந்து, யோசித்து, அங்கேயே நின்றது. அந்தப் பாதிக்குள் கோதண்டராமன் சரியாக அடங்கினார். ஆட்டோவாக இருந்தால் என்று பின்னாலிருந்து ஒரு குரல் ஆரம்பித்தது. ஆட்டோவில் இந்தக் காற்று வராது என்று முன்னாலிருந்து பதில் போனது.

அடி அண்ணாமலையில் எஞ்சின் நீண்ட விடுப்பில் சென்றது. அதற்குப் பிறகு தள்ளல்தான். கடைக்காரர்களும் பக்தர்களும் கை கொடுத்தார்கள், அவரவர் இடம் வந்ததும் விலகினார்கள். 'நிரந்தரப் பணியிடம்' சந்திரகலாவுக்கு மட்டுமே இருந்தது. கோதண்டராமன் மலையை ஒற்றைக் கையால் கும்பிட்டபடி, தரிசனம் ரொம்ப ஜாஸ்தி என்று அவ்வப்போது பின்பக்கம் தகவல் தெரிவித்தார்.

கடைசியான ஈசான்ய லிங்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது. அவை கோளாறுகளா? ஒரு பெண்ணின் வேண்டுதலை வார்த்தை பிசகாமல் நிறைவேற்றி வைக்க மேலிடத்திலிருந்து வந்த உத்தரவுகள் அல்லவா?

"உக்காந்து வந்திருந்தா வேண்டுதல் செல்லாமப் போயிருக்கும்," என்றார். "இந்த வண்டியாலதான் நீ மலைய நடந்தே சுத்தி முடிச்ச."

சந்திரகலா படிக்கட்டில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"மலையச் சுத்தறதா வேண்டிக்கிட்டேன், சுத்திட்டேங்க. உங்களத் தள்ளிக்கிட்டு வர்றதா எந்தச் சாமிகிட்டயும் வேண்டிக்கல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதை சும்மாவேதான் செஞ்சிட்டிருக்கேன்."