மதுரவல்லி என்ற கீரி நாற்காலியில் நிலைத்த கதை

ஒரு காட்டில், சட்டம் ஒழுங்கு நன்றாக இருக்கிறது என்று மரத்துக்கு மரம் பலகை மாட்டியிருந்த ஒரு காட்டில், மதுரவல்லி என்ற கீரி காவல் துறையில் சேர்ந்தாள். அந்தத் துறைக்கு வந்த முதல் பெண் அவள்தான். அவள் தலைக்கு ஏற்ற தொப்பி இல்லை என்று ஒரு புலித் தொப்பியைக் கொடுத்தார்கள். அது மூக்குவரை இறங்கியது. காட்டில் புதருக்கா பஞ்சம்? ஆனால் ஸ்டேஷனைச் சுற்றியிருந்த புதர்களை எல்லாம் ஆண்களுக்கு ஒதுக்கியிருந்ததால், அவசரத்துக்கு அவள் ஓடை தாண்டிப் போய்வர வேண்டும். திரும்பி வருவதற்குள் பணி நேரத்தில் இடத்தில் இல்லை என்று மெமோ தயாராக இருக்கும்.

ஆனாலும் வேலையில் அவள் கெட்டிக்காரி. சேர்ந்த வருஷமே முட்டைக் கிடங்கைக் காலி செய்துகொண்டிருந்த நாகத்தைப் பிடித்து இழுத்து வந்தாள். காவல் தலைவரான ராஜவேலு என்ற புலி மனம் நெகிழ்ந்து பாராட்டு விழா எடுத்தார், பொன்னாடை போர்த்தினார், மறுநாளே அவளை யானைப் பாதைக்குப் போக்குவரத்தைப் பார்க்க அனுப்பினார். கிடங்குக் காவல் அவர் மைத்துனருக்குப் போயிற்று. யானைப் பாதையில் நின்றபடியே மதுரவல்லி போலிப் பட்டா விற்ற நரியைப் பிடித்தாள். மறுபடியும் விழா, மறுபடியும் பொன்னாடை. இம்முறை, வரும் பிரமுகர்களுக்குப் பூங்கொத்து கொடுக்கும் பிரிவுக்கு அவளைத் தலைவியாக்கினார்கள். அவள் யாரைப் பிடித்தாலும் ஒரு பதவி உயர்வு வந்தது. ஒவ்வொரு உயர்வும் அவளைக் குற்றவாளிகளிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தது.

அப்போதுதான் ஆற்றுத் துறையில் மான்குட்டிகள் காணாமல் போக ஆரம்பித்தன. கட்டாரி என்ற கழுதைப்புலியும் அவன் கும்பலும் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பது ஸ்டேஷனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அஞ்சலை என்ற மான் தன் குட்டியைக் காணோம் என்று அழுதுகொண்டு வந்தபோது, துணைத் தலைவரான தனஞ்செயன் என்ற சிறுத்தை, காதல் விவகாரமாக இருக்கும், நாலு நாளில் தானே வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார். குட்டி இன்னும் பால்குடி மறக்கவில்லை.

மான்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டன. குரங்குகள் அதை செல்போனில் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பின. நாற்காலி சூடாகத் தொடங்கியதும் ராஜவேலு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தார். அடுத்து உட்கார வேண்டிய தனஞ்செயனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவருக்கு அடுத்த கரடிக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. அன்றைக்குத்தான் அவர்கள் எல்லோருக்கும் பெண்ணுரிமை நினைவுக்கு வந்தது. இந்தக் காட்டுக்கு ஒரு பெண் தலைமை தாங்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று தனஞ்செயன் கண் கலங்கப் பேசினார்.

மதுரவல்லி ஒன்றும் அசடு இல்லை. நாளைக்கு வெட்டுவதற்கு ஒரு கழுத்து தேவைப்படுகிறது, அதற்குத்தான் தன்னை உட்கார வைக்கிறார்கள் என்று தெரிந்தேதான் உட்கார்ந்தாள்.

ரோந்து எங்கே போகிறது என்பது கட்டாரிக்கு முன்கூட்டியே எப்படியோ தெரிந்துவிடுகிறது என்பதை முதலில் கவனித்தாள். ஆகவே படை முழுவதும் வடக்கு மலைக்குப் போகும் என்று தனஞ்செயனிடம் மட்டும் சொன்னாள். மறுநாள் பட்டப்பகலில் கும்பல் சாவகாசமாக ஆற்றுத் துறைக்கு வந்தது. நாணலுக்குள் பதுங்கியிருந்த முள்ளம்பன்றிப் போலீசார் சுற்றி வளைத்தார்கள். கட்டாரி மட்டும் தன் குகைக்குள் பாய்ந்துவிட்டான். மதுரவல்லி தனியாக அவன் பின்னாலேயே நுழைந்தாள். உள்ளே நடந்த சண்டையை வெளியே நின்றவர்கள் காதால்தான் கேட்டார்கள். காது கிழிந்து, முகமெல்லாம் மண்ணாக அவள் வெளியே வந்தாள். அவள் பல்லில் கட்டாரியின் மூக்கு இருந்தது. மூக்கோடு கட்டாரியும் இருந்தான்.

அந்த நேரம் பார்த்துத் தனஞ்செயன் போன் செய்தார். குரலில் இடுப்பு வலி சுத்தமாக இல்லை.

"பிடிச்சிட்டீங்களாமே மேடம்? விழாவுக்குச் சொல்லிடவா?"

அவள் கட்டாரியைப் பார்த்தாள். நாணலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த குட்டிகளைப் பார்த்தாள்.

"கும்பல் சிக்கிடுச்சு. கட்டாரி தப்பிச்சிட்டான். ரொம்பக் கோபமா போயிருக்கான்."

எதிர்முனையில் தனஞ்செயன் லேசாக முனகினார். பிறகு, இடுப்பு இன்னும் சரியாகவில்லை என்றும், அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றும் பதில் வந்தது.

கட்டாரியை ஸ்டேஷனின் கடைசி லாக்கப்பில் அடைத்து, வாசலில் 'வெறிநாய், கிட்டே வராதே' என்று எழுதி வைத்தாள். முள்ளம்பன்றிகள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு குட்டியும் காணாமல் போகவில்லை. வருஷங்கள் ஓடின. யாராவது நாற்காலியைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினால், அவர் வீட்டுப் பக்கமே கட்டாரியின் கால்தடம் கிடைத்ததாக ஒரு அறிக்கை வரும். அவர் மருத்துவ விடுப்பில் போய்விடுவார்.

ஒருநாள் அஞ்சலை வந்தாள். சத்தம் போடவில்லை. என் பிள்ளையைத் தின்றவன் இன்னும் வெளியே திரிகிறான் என்றால் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று மட்டும் சொன்னாள். யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொன்ன மதுரவல்லிக்கு அவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. எழுந்து போய்க் கடைசி லாக்கப்பைத் திறந்து காட்டினாள்.

அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அவனைப் பார்த்தபடி நின்றாள். ஏன் வெளியே சொல்லவில்லை என்று பிறகு கேட்டாள். மதுரவல்லி மறைக்காமல் சொன்னாள். சொன்னால் இன்றைக்கு எனக்கு விழா, நாளைக்கு மாற்றல், மறுநாள் என் நாற்காலியில் தனஞ்செயன்.

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நாங்க பயந்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதானேம்மா? இருந்துட்டுப் போறோம்."

மறுநாள் காலையில் மான்கள் எல்லாம் ஸ்டேஷன் வாசலில் திரண்டு, கட்டாரியை உடனே கைது செய் என்று கோஷம் போட்டன. முன்வரிசையில் நின்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் அஞ்சலைதான். வெயில் கடுமையாக இருந்ததால் மதுரவல்லி உள்ளேயிருந்து மோர் கொடுத்தனுப்பினாள்.

நீதி: குற்றவாளியைப் பிடித்துவிட்ட பெண்ணுக்குப் பாராட்டுதான் கிடைக்கும், தேடிக்கொண்டே இருப்பவளுக்குத்தான் பதவி நிலைக்கும்.