அமெரிக்காவைக் கால்பந்து பார்க்கவைக்க வந்தவன்

அமெரிக்காவில் தொழில்முறைக் கால்பந்து ஏன் தேறவில்லை என்று அந்த நாட்களில் பேப்பர்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கோல் குறைவு என்பார் ஒருவர். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் குறைவு என்பார் இன்னொருவர். பணம் போட ஆளில்லை என்பார் மூன்றாமவர். எல்லாம் பொய். அது தேறாததற்குக் காரணம் எங்கள் ஆஃப்சைடுதான். பத்து நிமிஷம் அவன் பேச்சைக் கேட்ட எவனும் அதற்கப்புறம் ஆயுசுக்கும் ஒரு பந்தை ஏறிட்டுப் பார்க்கமாட்டான்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது விசாவில் இருந்தது. மற்றபடி நியூஜெர்சியில் நாங்கள் இருந்த பார்சிப்பனி முழுக்க அவன் ஆஃப்சைடு. கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரன். அங்கே சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் அங்கியைக் கழற்றிவிட்டு விசில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவாராம். தொண்ணூற்றேழில் எங்கள் ஆபீசில் சாஃப்ட்வேர் டெஸ்டராக வந்து சேர்ந்தான். சிபாரிசு பண்ணியது நான். அந்தப் பாவத்தைத்தான் மேற்கொண்டு சொல்லப்போகிறேன்.

முதல் தடவை வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது என் மனைவி வசந்தா மரியாதைக்கு, "ஆஃப்சைடுன்னா என்னங்க?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். இட்லியெல்லாம் தடுப்பாட்டக்காரர்கள் ஆயின. சட்னிக் கிண்ணம் கோல்கீப்பர். ஒரே ஒரு வடை முன்னால் போய் நின்றது.

"பாத்தியளா அக்கா, பந்தைக் குடுக்கும்போ வடை கடைசி இட்லிக்கு முன்னாடி போயிருச்சு. அதான் ஆஃப்சைடு, கேட்டியளா."

முக்கால் மணி நேரம். என் தட்டில் இருந்த இட்லியையும் கேட்டு வாங்கி லெஃப்ட் பேக்காக நிறுத்தினான். அன்றைக்கு நான் சாப்பிட்டது நடுவர் மட்டும்தான். அது ஒரு அப்பளம்.

அவனுக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. ஐந்து முறை டெஸ்ட் கொடுத்து ஐந்து முறையும் ஃபெயில். பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி ஒருதரம் பேச்சுவாக்கில், "எங்க பிள்ளைகூட சாக்கர் ஆடறான்" என்று சொல்லியிருக்கிறார். கால்பந்துக்கு அமெரிக்காவில் அதுதான் பேர். இவன் பச்சை விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டான். அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "ஆடறான் சரி, மேட்சு பாக்கக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்று கேட்டானாம். பின்னாலிருந்து ஹாரன் அடித்தவர்கள் யாரும் அவன் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

ஆகவே தினமும் என் கார். போக இருபத்தைந்து நிமிஷம், வர இருபத்தைந்து, அவ்வளவும் அவன் பேச்சு. உலகக் கோப்பையே வந்து போன நாட்டில் ஒரு லீக்கை நடத்தத் துப்பில்லையா? ஒரு பேஸ்பால்காரனுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் மொத்த டீமையும் வாங்கலாமே? நான் விளக்கைப் பார்ப்பேன், எக்சிட்டைப் பார்ப்பேன். "எடே மக்கா, நீ கேக்கியா இல்லையா?" என்று தோளைத் தட்டுவான். கேட்காமல் இருக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஒருநாள் ஸ்போர்ட்ஸ் ரேடியோவில் நிகழ்ச்சி நடத்துகிறவர், சாக்கர் என்பது பிள்ளைகள் பெரியவர்களாகி நல்ல விளையாட்டுக்குப் போகும்வரை ஆடுவது என்று சொல்லிவிட்டார். ஆஃப்சைடு கான்ஃபரன்ஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் போனிலிருந்தே கூப்பிட்டான். நாற்பது நிமிஷம் ஹோல்டில் காத்திருந்து, லைன் கிடைத்ததும் பொரிந்து தள்ளினான். எங்கள் மேனேஜர் லஞ்ச் முடித்துக் காரில் வந்துகொண்டிருந்தார். அவர் கேட்பதும் அதே ஸ்டேஷன்தான்.

என்னைக் கூப்பிட்டார். "உன் நண்பன் என்னுடைய சாஃப்ட்வேரைச் சோதிக்கிறானா, அமெரிக்காவின் பொறுமையைச் சோதிக்கிறானா?" என்று கேட்டார். ஏதோ சமாளித்துவிட்டு வந்து ஆஃப்சைடிடம் கத்தினேன். "யோவ், வேலை போனா விசா போயிடும்யா! புரியுதா உனக்கு?"

"அது சரி மக்கா. ஆனா அவனுக்குப் பதில் இல்ல பாத்தியா? நான் பேசி முடிச்சதும் நேரா விளம்பரம் போட்டுட்டான்."

இந்த லட்சணத்தில் அவனுக்கு டோனி கிடைத்தான். பாத்ரூம் சுவருக்குப் பெயின்ட் வாங்கலாம் என்று ஒரு சனிக்கிழமை ஹார்டுவேர் கடைக்குப் போனோம். பெயின்ட் கலந்து கொடுத்த பையனையே வெறித்துப் பார்த்தான் ஆஃப்சைடு. முகம் வெளுத்துவிட்டது. அந்த டோனி எங்கள் ஊர்ப்பக்கத்துத் தொழில்முறை டீமின் லெஃப்ட் பேக், இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். டீமில் கிடைக்கிற சம்பளம் வாடகைக்கும் கார் இன்ஷூரன்ஸுக்கும் சரியாகப் போகும், சாப்பாட்டுக்குப் பெயின்ட் கலக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். ஆஃப்சைடுக்குச் சிரிப்பு வரவில்லை. பெயின்ட்டையும் வாங்கவில்லை. காரில் ஏறியதும், "எங்க ஊர்ல இவனைத் தோள்ல தூக்கிட்டுப் போவாங்கடே" என்றான். வழியெல்லாம் அதையே சொன்னான்.

அடுத்த வாரமே டிக்கெட் வாங்கிவந்து, மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆறு தமிழ்க் குடும்பங்களை மேட்சுக்கு இழுத்துப்போனான். மைதானம் கடல் மாதிரி. கூட்டம் கல்யாண வீட்டில் மூன்றாவது பந்தி மாதிரி. மழை வேறு. வசந்தா எலுமிச்சை சாதப் பொட்டலத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு நான் துணி துவைச்சிருப்பேன்" என்றாள். டோனி பெஞ்சிலேயே இருந்தான். கடைசிப் பத்து நிமிஷத்துக்கு இறங்கினான். ஆஃப்சைடு படியிறங்கி ஓடி, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தில் செக்யூரிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. எங்கள் மகள் ப்ரியாவுக்கு அப்போது எட்டு வயது. "அப்பா, ஹூ வன்?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். "தென் ஒய் டிட் வீ கம்?" என்றாள்.

அதோடு விட்டானா? ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம். மாமியாரா மருமகளா என்று சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த விஷயத்தில் இவன் புகுந்தான். சங்கத் தலைவர் பல் டாக்டர் அங்கிள். அவரிடம் பல் பிடுங்கிக்கொள்ளப் போய், மரத்த வாயோடு பேசிப் பேசியே தலைப்பை மாற்றிவிட்டான். "அமெரிக்காவில் கால்பந்து தழைக்குமா, தழைக்காதா?"

தழைக்கும் என்று பேச அவன் இருந்தான். தழைக்காது என்று பேச ஆள் கிடைக்கவில்லை. "நீங்க பேசுங்க. ரெண்டு வருஷமா கார்ல கேட்டதுக்கெல்லாம் சேர்த்துப் பேசிடுங்க" என்றாள் வசந்தா.

பேசினேன். பள்ளிக்கூட ஆடிட்டோரியம் நிறையக் கூட்டம். முன்வரிசையில் டோனி. சாட்சிக்கு என்று ஆஃப்சைடு அழைத்து வந்திருந்தான். ஒரு வார்த்தை புரியாமல், சர்க்கரைப் பொங்கலை ஸ்பூனால் தின்றபடி எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆஃப்சைடு முதலில் பேசினான். சனிக்கிழமை ஆனால் இந்த நாட்டில் எந்தப் பார்க்கைப் பார்த்தாலும் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள், விதை போட்டாகிவிட்டது, தண்ணீர் ஊற்றத்தான் பணக்காரனுக்கு மனசில்லை, ஆடுகிறவனுக்குச் சோறு போட்டால் ஆட்டம் தானாக வளரும் என்றான். நன்றாகத்தான் பேசினான். பிரச்சினை என்னவென்றால் நான் அதைவிட நன்றாகப் பேசிவிட்டேன்.

"இந்த ஹால்ல இருக்கிறவங்க யாராவது, யாரும் கட்டாயப்படுத்தாம, சொந்தக் காசுல டிக்கெட் வாங்கி ஒரு மேட்ச் பார்த்திருந்தா கை தூக்குங்க!"

ஆஃப்சைடு கை தூக்கினான். அவன் தூக்கியதைப் பார்த்து, ஏதோ நல்ல விஷயம் என்று நினைத்து டோனியும் தூக்கினான். ஹால் அதிரச் சிரித்தது. சிரிப்பு கிடைத்தால் பேச்சாளனுக்குக் கண் தெரியாது. "பார்க்க ஆளில்லாத ஆட்டத்துக்குப் பெயின்ட் கடைதான் சம்பளம் தரும்!" என்று முடித்தேன். கைதட்டல் அடங்கவில்லை. டோனியும் தட்டினான். தழைக்காது என்று பல் டாக்டர் அங்கிள் தீர்ப்பு சொன்னார்.

டோனியை வீட்டில் விடவேண்டியதும் நான்தான். காரில் ஏறியதும் அவன் ஆர்வமாக, யார் ஜெயித்தது என்று இங்கிலீஷில் கேட்டான். ஆஃப்சைடு திரும்பாமல், "டிரா" என்றான். "கோல் இல்லை."

டோனி சிரித்தான். அப்புறம், வியாழக்கிழமை கிளப்பிலிருந்து போன் வந்தது, அடுத்த சீசனுக்கு என்னை எடுக்கவில்லை என்றான். கடையில் முழுநேர வேலை தருகிறார்களாம். பரவாயில்லை, பெயின்ட் வாசனை பழகிவிட்டது என்றான்.

ரூட் 46 நெடுஞ்சாலை முழுக்க ஆஃப்சைடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ரெண்டு வருஷமாக வாயை மூடுடா என்று வேண்டிக்கொண்டவன் நான். அது நடந்தபோது காரை ஓட்ட முடியவில்லை.

இரண்டே நாள்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஊரில் இருக்கிற தமிழ் வீடுகளுக்கெல்லாம் போன் போக ஆரம்பித்தது. "அக்கா, நம்ம பிள்ளையளுக்கு நிசமான புரொஃபஷனல் கோச் கிடைச்சிருக்காரு. பட்டிமன்றத்துல பேசுன சாருக்கு ரொம்ப வருத்தம், கேட்டியளா. பரிகாரமா முதல்ல அவரு மகளைத்தான் சேர்த்திருக்காரு."

எனக்குத் தெரியாது. ப்ரியாவுக்கும் தெரியாது. வசந்தா போனை என் கையில் கொடுத்து, "என்னங்க இது, நீங்க அழுதீங்களாமே?" என்றாள். மறுநாள் காரில் அவன் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"யாரைக் கேட்டுய்யா என் பேரைச் சொன்னே?"

"வருத்தம் இல்லையா உனக்கு?"

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? ரிவர்ஸ் எடுத்தேன்.

பனி உருகியதும் டவுன்ஷிப் பார்க்கில் வகுப்பு தொடங்கியது. பன்னிரண்டு பிள்ளைகள் முப்பதானார்கள், அப்புறம் குஜராத்தி வீடுகள், சீனர்கள், வெள்ளைக்காரர்கள். இரண்டு வருஷத்தில் டோனி கடையை விட்டு நின்றான். டீம் கொடுத்ததைவிட அம்மாக்கள் கொடுத்தது அதிகம். நான் சந்தோஷப்பட்டேன். ஆஃப்சைடு கொதித்துப்போனான்.

"ஆடுறவனுக்குக் காசு இல்ல, அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஷூ கட்டச் சொல்லிக் குடுத்தா காசு! இந்த நாடு உருப்படுமாடே?"

"உன் ஆளு நல்லா இருக்கான்ல? அதுக்குச் சந்தோஷப்பட மாட்டியா?"

"அவன் லெஃப்ட் பேக்குடே!" என்றான். கண் கலங்கியிருந்தது. நான் பேச்சை மாற்றினேன்.

இரண்டாயிரத்தொன்றில் எங்கள் ஆபீஸ் பாதி ஆட்களை அனுப்பியது. அவனுக்கு டெக்சாஸில், டாலஸ் பக்கம் ஆலன் என்கிற ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நிம்மதி என்று நினைத்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வரும். அங்கே ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குக் கோயில் மாதிரி கூட்டமாம், கையால் பிடிக்கிறதுக்குப் பேர் ஃபுட்பாலாம். ஒரு மணி நேரம். நான் ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவேன். நடுநடுவே "ம்" போடுவேன்.

"கட் பண்ணித் தொலைங்களேன். தலைவலிக்குது" என்பாள் வசந்தா.

"எப்படி கட் பண்றது? பேசிட்டே இருக்கான்."

சில ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தரை ஆகியும் போன் வராது. வெங்காயம் பாதியில் நிற்கும். கையைத் துடைத்துக்கொண்டு நானே கூப்பிடுவேன். என்னடே விஷயம் என்று கேட்பான்.

ஒன்றுமில்லை, சும்மாதான் என்பேன்.