எந்த விடுமுறையில் என் மகள் கல்யாணம்?

அன்புள்ள டொலோரஸ் அக்காவுக்கு,

மால்டாவிலிருந்து தம்பி விஸ்டின் எழுதிக்கொள்வது. சூசையப்பர் புண்ணியத்தில் நானும் ரீட்டாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். மெல்பர்னில் நீயும் அத்தானும் எங்களைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் பக்கத்து அறையில் என் மகள் கிராசியெல்லா காதில் விழும். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். ஜிப் இழுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.

அவள் கட்டிக்கொள்ளப் போகிற கிளேட்டன் தங்கமான பையன். அவன் அப்பன் ஸ்பீருதான் தலைவலி. நம் ஊர்க்காரன்தான், ஆனால் நமக்கு எதிரணியான அந்தோணியார் பேண்டு கிளப்பில் பெரிய மேளம் அடிக்கிறவன். நானோ சூசையப்பர் கிளப்பில் டிரம்பெட். கட்சியும் வேறு. பெண் சந்தோஷமாக இருந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பேண்டுக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், சனி ஞாயிறு என்றால் திருவிழாக்களில் வாசிப்பு, அரசு விடுமுறையில்தான் கல்யாணம் வைக்க முடியும். இந்தத் தீவில் விடுமுறைக்கா பஞ்சம்? தேசிய தினமே ஐந்து. நிம்மதியாகத்தான் நானும் ஸ்பீருவும் பங்குச் சாமியார் அறையில் காலண்டரை விரித்தோம்.

“செப்டம்பர் இருபத்தொண்ணு, சுதந்திர தினம்” என்றார் சாமியார்.

“அது அவங்க கட்சி கொண்டாடுற நாள், ஃபாதர். அன்னிக்கு நான் வீட்டு ஜன்னலைக்கூடத் தொறக்க மாட்டேன்” என்றேன்.

“அப்போ டிசம்பர் பதிமூணு, குடியரசு தினம்?”

“அது இவரு கட்சி நாளாச்சே! என் வீட்டம்மா அன்னிக்கு அடுப்பே பத்த வைக்க மாட்டா” என்றான் ஸ்பீரு.

மார்ச் முப்பத்தொன்று, விடுதலை நாள், கல்யாணம் வைக்கக் கூடாத தவக்காலத்தில் மாட்டிக்கொண்டது. ஜூன் ஏழு, சுடப்பட்டுச் செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நாள், அன்றைக்குக் கேக் வெட்ட முடியுமா? செப்டம்பர் எட்டில் ஸ்பீருவின் மச்சான் படகுப் போட்டியில் துடுப்புப் போடுகிறான். பிப்ரவரி பத்து என்று சாமியார் இழுத்தார். வீட்டில் வந்து சொன்னேன். “பவுலடியார் கப்பல் ஒடஞ்ச நாள்ல கல்யாணமா? விளங்கினாப்லதான்!” என்று ரீட்டா கரண்டியைத் தூக்கிவிட்டாள். கடைசியில் மறுநாள் அதே சாமியார் அறையில் ஜூன் இருபத்தொன்பது, பேதுரு பவுல் திருநாள் என்று முடிவானது. முயல் கறியும் ஒயினும் கழுதைப் பந்தயமும் உள்ள நாளில் எந்தக் கட்சிக்காரன் சண்டை போடுவான்? நானும் ஸ்பீருவும் கைகூடக் கொடுத்துக்கொண்டோம்.

கையை எடுப்பதற்குள் அவன் சொன்னான்: “மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எங்க பேண்டுதான். கோயிலுக்கு உங்க கிளப் வாசல் வழியாத்தான் வரணும்.”

அக்கா, உனக்குத் தெரியும், நம் தாத்தா காலத்திலிருந்து அந்தோணியார் நீலக்கொடி நம் கிளப் வாசலைத் தாண்டியதில்லை. நான் எழுந்துவிட்டேன். அவனும் எழுந்தான். சாமியார் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று கிராசியெல்லா சொன்னாள்: “ரெண்டு பேரும் கொடியையே கட்டிக்கிட்டு அழுங்கப்பா. நான் அத்தை வீட்டுக்குப் போறேன். அங்கேயே கல்யாணம்.”

ஊரில் எத்தனையோ வீட்டு வாசலில் மணப்பெண் படியிறங்கி வரும்போது டிரம்பெட் ஊதியிருக்கிறேன். என் வாசலில் என் பெண் இறங்கி வரும்போது ஊத வேண்டும், அது ஒன்றுதான் அவள் பிறந்ததிலிருந்து என் ஆசை. அவள் அங்கே வந்துவிட்டால் நான் யார் வாசலில் போய் நிற்பேன்? அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். அவள் வந்து தட்டினால் கதவைத் திறக்காதே. விளக்கை அணைத்துவிட்டு, ஆள் இல்லாத வீடு மாதிரி இரு. அத்தானை இருமாமல் பார்த்துக்கொள். அந்த ஸ்பீருவின் முகத்தில் இந்த ஜென்மத்தில் இனி விழிக்க மாட்டேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் வீட்டைக் காப்பாளாக.

இப்படிக்கு,
கலங்கிப் போயிருக்கும் தம்பி
விஸ்டின்

பின்குறிப்பு: அக்கா, நீயும் கூட்டுக்களவாணியா? “அத்தைகிட்ட போன மாசமே பேசியாச்சு, தேதியும் வச்சாச்சு” என்று சொல்லிவிட்டுக் கிராசியெல்லா கிளேட்டனோடு விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள். எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையாமே! கொஞ்ச நேரத்தில் ஸ்பீரு வந்து கதவைத் தட்டினான். இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டு வருகிறேன். ரீட்டாவும் ஸ்பீரு குடும்பமும் கூட வருகிறார்கள். என் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொள்வேன். அவனுடைய மேளத்தை விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம், அங்கே பெரிய மேளம் ஒன்று பார்த்து வை. அவள் உன் வீட்டுப் படியிறங்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கப் போகிறோம். எங்கள் கிளப் பாட்டா அவன் கிளப் பாட்டா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.