லோடு அண்ணன் ஏற்றிவிட்ட மீன்கள்

மீனின் மரபணுவுக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் லோடு அண்ணன்.

அப்போது நான் அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. ஆராய்ச்சி, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, உடம்பெல்லாம் கோடு போட்ட ஒரு மீன் மேல். நம்முடைய மரபணுக்கள் பலவற்றுக்கு அதனிடம் ஜோடி உண்டு என்பதால், மனித நோய்களை ஆராய உலகமெங்கும் அதையும் மாதிரியாக வைத்துப் பார்க்கிறார்கள். மீன்தான் துளியூண்டு. அதன் மரபணுவைப் படித்தெடுத்தால் தகவல் மலையாகக் குவியும். கல்லூரி இன்டர்நெட்டில் அதை அனுப்பி முடிப்பதற்குள் மீன் பேரன் பேத்தி எடுத்துவிடும். ஆகவே கட்டுரையாக அச்சான தகவலை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி மற்ற ஆய்வகங்களுக்குப் பார்சலில் அனுப்புவோம். அதற்கென்றே எங்கள் பேராசிரியை கூட்டி வந்தவர்தான் லோடு அண்ணன். அதுவரை நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் மாறியதே தவிர ஆள் மாறவில்லை. தகவல் என்ற சொல் அவர் வாயில் வராது, எல்லாம் லோடுதான். சர்வர் அறைக்குப் பெயர் குடோன். புது டிஸ்க் வந்தால் எலுமிச்சம்பழம் நசுக்காமல் செருக விடமாட்டார். எந்த மீன், என்ன வயது, எந்தத் தொட்டி என்று எழுதிக் கொடுக்காவிட்டால் ஒரு ஃபைலைக்கூடத் தொடமாட்டார். பில் இல்லாத சரக்கை ஏற்றினால் செக்போஸ்டில் மாட்டிக்கொள்வோமாம். எந்த செக்போஸ்ட் என்று கேட்டால், பேராசிரியையின் அறையைக் கண்ணால் காட்டுவார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எங்கள் உயிரை வாங்கியது அவருடைய ரிட்டன் லோடு. சரக்கு இறக்கிய லாரி காலியாகத் திரும்பினால் டீசல் தண்டம் என்பது நாமக்கல்லில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சட்டத்தை அவர் டிஸ்க்குக்கும் போட்டார். எங்கள் மீனைக் கேட்டு வாங்கியவர்கள், டிஸ்க்கைத் திருப்பும்போது எதையாவது ஏற்றி அனுப்பியே ஆகவேண்டும். கொசு வந்தது, ஈஸ்ட் வந்தது, ஒருமுறை கத்தரிக்காயின் மரபணு வந்து இருந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டது.

“மீன் ஆராய்ச்சிக்குக் கத்தரிக்காய் எதுக்குண்ணா?” என்று கத்தினேன்.

“கொழம்புக்கு ஆகுமுங்க அம்மிணி” என்றார்.

நான் வாழப்பாடிக்காரி. கோபம் எனக்கு மூக்குக்கு மேல் நிற்கும். அவரை ஒரு வாங்கு வாங்காவிட்டால் அன்றைக்குச் சோறு செரிக்காது. அவர் பாட்டுக்கு சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டு பார்சல் கட்டக் கயிறு முறுக்குவார்.

மீன் தொட்டிகள் மாடியில். நேர் கீழே சர்வர் அறை. இப்படி இடம் ஒதுக்கிய புண்ணியவான் யாரென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு விடுமுறை நாளில் பெரிய தொட்டி விரிசல் விட்டது. அசல் டிஸ்க்கும் நகல் டிஸ்க்கும் கீழே ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குளித்தன. என் மூன்று வருட உழைப்பு அதில்தான் இருந்தது. டிஸ்க்குகளைப் பார்த்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். தொட்டியோடு அந்த மீன் வம்சமும் போயிற்று, மறுபடி படித்தெடுக்க வழியில்லை. அசல் தகவலைப் பொதுவில் வைத்தால்தான் கட்டுரை அச்சாகும். கட்டுரை வந்தால்தான் பட்டம். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பேராசிரியையும் பக்கத்தில் நின்றிருந்தார். லோடு அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“அம்மிணி, ஒரு தப்புப் பண்ணிப்புட்டனுங்க.”

வண்டி போகும்போதும் காலியாகப் போகக்கூடாதாம். அடுத்தவர்களின் தகவலை வாங்கிவர அனுப்பிய டிஸ்க்குகளில், யாரும் கேட்காமலே, என் லோடை ஏற்றி விட்டிருக்கிறார். அச்சாகாத தகவல் வாசலைத் தாண்டினால் வேலை போய்விடும் என்று பேராசிரியை அவரிடம் முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். அது தெரிந்தேதான் அண்ணன் பேராசிரியையின் எதிரிலேயே சொன்னார்.

வரிசையாகப் போன் போட்டோம். கொசுக்காரர்கள் இடம் போதவில்லை என்று அழித்திருந்தார்கள். ஈஸ்ட்காரர்கள் டிஸ்க்கையே தொலைத்திருந்தார்கள். மிச்சம் மைசூரில் ஒரு பட்டுப்புழு ஆய்வகம். அவர்கள் பார்சலைப் பிரிக்கவே இல்லை. அண்ணன் போட்ட லாரி முடிச்சு அவிழவில்லை, அறுத்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, ஜன்னலோரம் வைத்துவிட்டார்கள். அண்ணன் அன்றைக்கே மைசூருக்குப் பஸ் ஏறினார். வெறுங்கையோடு போகக்கூடாதே, அவர்களுக்கு ஒரு கூடை சேலத்து மாம்பழம். வரும்போது டிஸ்க்கைப் பச்சைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

டிஸ்க் திறந்தது. ஒவ்வொரு மீனும் வயது, தொட்டி விவரத்தோடு பத்திரமாக இருந்தது.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். லாரிச் சட்டமெல்லாம் வேண்டாம், என் பேச்சை மீறி ஏன் அனுப்பினீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

“அந்தப் புள்ள மூணு வருசமாப் பாடுபட்டுச் சேத்த சரக்குங்க மேடம். ஒரே குடோன்ல போட்டு வெக்க எனக்கு மனசு வல்லீங்க. வேலைய உட்டு அனுப்புனாலுஞ் செரிங்க.”

 பேராசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுத்த நகலை எந்த ஊருக்கு அனுப்பலாம் என்று அவரிடமே கேட்டார்.

அவரைத் திட்டியே பழகிய நான் அன்றைக்கு, கேபிள் தேடுவதுபோல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.